கால் புதைக்கும் மணல்

ஜனவரி 16, செவ்வாய்

மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தேன். டெல்பின் அழைத்துப்போக வந்திருந்தாள். ஒன்பது வருடம் கழித்து மகளை நேரில் பார்க்கிறேன். ஏழாம் மாதம். வயிற்றைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், பிறகு கால்களைப் பார்த்தேன். இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"எப்பா, மெலிஞ்சு போயிட்டிய" என்றாள்.

"பிளேன்ல சோறா போட்டான்?" என்றேன்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அப்பனும் மகளும் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான்.

ஜனவரி 17, புதன்

எழுதுவதற்குப் பழைய ஷிஃப்ட் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். முப்பத்துமூன்று வருடம் மணல் ஆலையில் காந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். எங்கள் கடற்கரையின் கறுத்த மண்ணை அள்ளிக் காயவைத்துக் காந்தத்தில் ஓடவிட்டு, ஒட்டுவது ஒரு பக்கம், ஒட்டாதது ஒரு பக்கம் என்று பிரிக்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நோட்டில் எழுத வேண்டும். ஓய்வுபெற்ற பிறகும் கை விடுவதில்லை.

முதல் பேறுகாலத்துக்குத் தாய் போவதுதான் முறை. என் மனைவி ரோசிலி இப்போது இல்லை. ஆகவே நான் வந்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்கள் ஒரு வாரம் எனக்குப் பாடம் எடுத்தார்கள், பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாளில் எந்தக் குழம்பு என்று. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்கள். கட்டிக் கொடுத்த மருந்துப் பொடியை இங்கே விமான நிலையத்தில் ஓர் அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டான். பைக்குள் இருந்த கையளவு காந்தத்தையும் தூக்கிப் பார்த்தான். எதற்கு என்று கேட்டான். பழக்கம் என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.

டெல்பினிடம் சொல்லவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ரோசிலியின் சாவைப் பற்றியது. மகள் ஊரைவிட்டுப் போனதே அதனால்தான். பிள்ளை பிறக்கும் முன் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், குழம்பு வைக்க அல்ல.

ஜனவரி 18, வியாழன்

இங்கே இப்போது கோடை, ஒன்பது மணிக்குத்தான் இருட்டுகிறது. சாப்பிட்டு முடித்த பிறகும் ஜன்னலில் வெயில் நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை, தரனாகி என்று பெயர், கூம்பாக, உச்சியில் கொஞ்சம் வெள்ளை. எரிமலையாம். தூங்கிக் கிடக்கிறதாம். காலையில் பார்த்தேன், இருந்தது. தேநீர் குடித்துவிட்டுப் பார்த்தேன், காணோம். அவ்வளவு பெரிய மலையை மேகம் இருந்த இடம் தெரியாமல் எடுத்துக்கொண்டது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அலை ஏறி இறங்கும் நேரங்கள் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. பிப்ரவரி 11-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். ரோசிலி இறந்த நாள்.

"எப்பா, ஒரு எடம் இருக்கு. கறுத்த மண்ணுள்ள கடக்கர. ஆளே வராது. அலை வத்துற நேரத்துல மட்டும்தான் போவ முடியும். அம்மைக்க நாளுக்கு நாம ரெண்டு பேரும் அங்ஙன போணும்."

"கறுத்த மண்ணா?"

"நம்ம ஊருபோலத்தான் இருக்கும்."

"எனக்கு முட்டு வலி மக்களே."

எனக்கு முட்டு வலி கிடையாது. இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

தேவாலயத்தில் பூசைக்குப் போனோம். பாட்டு ஒன்றும் தெரியாததால் வாயை மட்டும் அசைத்தேன்.

மதியம் மீன் வெட்டினேன். நல்ல மீன், தலை பெரிசு. தலையைப் போட்டுவிடவா என்று மருமகன் ஆன்றோ கேட்டான். கடற்கரைக்காரன் கேட்கிற கேள்வியா இது. பால்மாவு ஆலையில் வேலை பார்த்துப் பார்த்து நாக்கு கெட்டுவிட்டது.

சாப்பிட்டுப் படுத்தால் கனவு. வீட்டுக் கொல்லையில் ரோசிலி உட்கார்ந்திருக்கிறாள், கால்களை நீட்டி, முழங்கால்வரை மண்ணுக்குள். பின்னால் எங்கள் வேலி இல்லை, இந்த ஊர் மலை நிற்கிறது. "இன்னும் ரெண்டு கை போடுங்க" என்கிறாள். நான் அள்ளுகிறேன். கையில் மண் நிற்கவே இல்லை.

எழுந்தபோது வெயில் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 24, புதன்

டெல்பின் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து ஏழரைக்கு வர வேண்டியவள் பத்தே கால் மணிக்கு வந்தாள். கடைக்குப் போனேன் என்றாள். கையில் பை இல்லை. அவள் தூங்கப் போனதும் வாசலில் கிடந்த ஷூவைத் தட்டினேன். மண் விழுந்தது. கறுப்பு.

ஜனவரி 25, வியாழன்

காற்று: மேற்கு. மலை: இல்லை.

அவள் தூங்கும்போது சோதித்தேன். வெள்ளைத் தாளில் மண்ணைப் பரப்பி, மேலே காந்தத்தைக் காட்டினேன். எழும்பி நின்றது. எல்லாம். நாலு நாள் மழிக்காத தாடிபோல் காந்தம் முழுக்கக் கறுப்பு. எங்கள் ஊர் மண் இப்படிக் குதிக்காது. அதற்கு ஆலையின் பெரிய காந்தம் வேண்டும்.

ஆனால் எனக்குப் பயம் ஒட்டுவதில் இல்லை, மிச்சம் கிடப்பதில். எங்கள் மண்ணில் மிச்சத்தில்தான் அந்த ஆபத்தான தாது இருக்கும், தேன் நிறத்தில், பொடிப்பொடியாக. அதிலிருந்து கதிர்வீச்சு வரும், அதனால்தான் கடற்கரையில் இவ்வளவு பேருக்குப் புற்று என்று ஊரில் ஒரு பாதிப்பேர் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா என்று மறுபாதி சொல்வார்கள். நான் சம்பளம் வாங்கிய காலத்தில் மறுபாதியில் இருந்தேன்.

தாளில் மிஞ்சியது ஏழெட்டு மணிகள். சிப்பித் தூள், பச்சைக் கண்ணாடிபோல் ஒன்றிரண்டு. தேன் நிறம் இல்லை. என் கண்ணை நான் நம்பவில்லை. மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஷூவைக் கழுவினேன். கார் மிதியடிகளையும் கழுவினேன்.

"எதுக்குப்பா ஷூவ கழுவினிய? ராத்திரி நான் எதப் போட்டுட்டுப் போவேன்?"

"நாறிச்சு" என்றேன். முகம் வாடிவிட்டது பிள்ளைக்கு.

ஜனவரி 29, திங்கள்

ஆன்றோவுக்கு விடுமுறை. புல் வெட்டினோம். புல் வெட்டுவதை இங்கே பூசைபோல் செய்கிறார்கள்.

"மாமா, அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டா. கல்யாணத்துக்குச் சங்கிலி கூட கேக்கல. உங்கள அந்தக் கடலுக்குக் கூட்டிட்டுப் போணும்னு மட்டும்தான் நாலு வருசமா சொல்லிட்டிருக்கா."

"நீ போயிருக்கியா?"

"என்னைய கூப்பிட மாட்டா. தனியாத்தான் போவா. போய் இருந்துட்டு வருவா. வந்தா ரெண்டு நாள் நல்லா இருப்பா."

இருந்துட்டு வருவாள். மண்ணில் உட்கார்ந்துவிட்டு. புல்வெட்டியை நிறுத்தினேன்.

பிப்ரவரி 1, வியாழன்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீடு கட்டிய வருடம், கொல்லை முழுக்கக் கறுத்த மண் போட்டது நான். கடற்கரையில் எல்லோரும் போடுவார்கள். சேறு ஆகாது, எறும்பு வராது, பார்க்கவும் அழகு. டெல்பின் பிறந்த பிறகு ரோசிலிக்குக் கால்வலி வந்தது. வெயிலில் சுட்ட மண்ணில் காலைப் புதைத்தால் வலி போகும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். என் அம்மா செய்தாள், அவள் அம்மாவும் செய்தாள். நான் மாலையில் வேலைவிட்டு வரும்போது கரையிலிருந்து ஒரு வாளி புது மண் கொண்டுவருவேன். அவள் காலை நீட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளி அள்ளிப் போடுவேன். அரை மணி நேரம். இருபது வருடத்துக்கு மேல்.

பிறகு எலும்பில் புற்று வந்தது. ஏழு மாதத்தில் போய்விட்டாள்.

அந்த மண்ணால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. டெல்பின் அப்போது நர்சிங் முடித்து வந்திருந்தாள். அவளுக்குத் தெரியாதா? அடக்கம் முடிந்து நாற்பதாவது நாள் வேலைக்கு என்று வெளிநாடு கிளம்பினாள். பிறகு போனில் மூன்று நிமிடம், சாப்பிட்டியளா, சாப்பிட்டேன், வச்சிரட்டா, வையி.

பிப்ரவரி 3, சனி

காலையில் டெல்பின் காரை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பப் பார்த்தாள். சாவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், சோபாவுக்கு அடியில் எல்லாம் குனிந்து.

"முட்டு வலின்னிய?" என்றாள்.

சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. நான்தான் போட்டேன். அறுபத்தாறு வயதில் திருட்டுப் புத்தி.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆன்றோவின் காரில் பூசை. அவளை வேலைக்கும் அவனே கொண்டு விட்டான். மலை முழுசாகத் தெரிந்தது, நாள் முழுக்க. என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று சோறு அவள் வைத்தாள். உழக்கோடு சாவியும் வந்தது. அரிசியை ஊதித் துடைத்து மேசைமேல் வைத்தாள், என் தட்டுக்குப் பக்கத்தில். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அம்மாவும் இப்படித்தான், கோபம் வந்தால் பரிமாறுவாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போவது மெழுகுவர்த்தி ஏற்ற அல்ல. அவளை அந்த மண்ணில் உட்கார விடாமல் பார்த்துக்கொள்ள. காந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அலை வற்றும் நேரம்: மாலை 4.40. காற்று: இல்லை. மலை: இருக்கிறது.

ஆன்றோ வேலைக்குப் போய்விட்டான். நாற்பது நிமிடம் கார். வழியெல்லாம் பச்சை. கடைசியில் தார் ரோடு முடிந்து மண் ரோடு, அதுவும் முடிந்து ஒரு பண்ணையின் கம்பிக் கதவு. டெல்பின் திறந்தாள், நான் நுழைந்ததும் மறக்காமல் பூட்டினாள். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. சரிவான பாதையில் மெதுவாக நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முட்டு வலி என்பதால் அவள் பிடித்தாள், அவளுக்கு எட்டாம் மாதம் என்பதால் நான் பிடித்தேன்.

கீழே பாறைச் சுவர். அதில் ஒரு ஓட்டை, ஆள் நிமிர்ந்து போகிற அளவு. அலை ஏறினால் அது மூடிவிடுமாம். உள்ளே ஈரம், குளிர், நாங்கள் நடக்கிற சத்தம் மட்டும். அந்தப் பக்கம் வெளிச்சம்.

வெளியே வந்தேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆள் இல்லை, படகு இல்லை, வலை இல்லை. கரை முழுக்கக் கறுப்பு. அலை பின்வாங்கிய இடத்தில் ஈர மண் பளபளவென்று கிடந்தது, அதில் வானம் அப்படியே இறங்கியிருந்தது, மேகத்தோடு. அதன்மேல் காலை வைக்க யோசித்தேன். டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டு மேகத்தின்மேல் நடந்தாள். அவள் அடிச்சுவட்டில் தண்ணீர் ஊறி, சுவடு நிறைந்து, மறைந்தது. கொஞ்ச நேரம் நான் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இங்கே ரோசிலி நடந்து வந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

மேட்டில் மண் காய்ந்து கிடந்தது. நாள் முழுக்க வெயில் குடித்த மண். நான் அலையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் டெல்பின் அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கிறேன், கால் நீட்டியிருக்கிறாள். வீங்கிய கால்கள். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் எட்டி எட்டி மண்ணை அள்ளிக் காலில் போடுகிறாள். அதே மாதிரி. ரோசிலியேதான்.

"எழும்பு!" என்று கத்தினேன். "எழும்பு மோளே! அதுல இருக்காத!"

"எப்பா, என்ன?"

"வயித்துல பிள்ளை இருக்கு. எழும்புன்னு சொல்லுதேன்!"

"சூடு சொகமா இருக்குப்பா."

"உனக்க அம்மையும் இதத்தான் சொன்னா!"

ஓடினேன். இழுத்துத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எல்லாம் வெளியே வந்தது. கொல்லை மண், வாளி, ஊர்ப்பேச்சு, மிச்சத்தில் கிடக்கும் தேன் நிறம், எல்லாம். "எனக்க கையாலதான் போட்டேன். நாந்தான் அவள கொன்னேன். உனக்குத் தெரியும். அதான் நீ போன" என்றேன். அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

டெல்பின் காலில் மண் போடுவதை நிறுத்தினாள்.

"அம்மைக்கும் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பேச்சு. திருவனந்தபுரத்துல டாக்டர்ட்ட அம்மையேதான் கேட்டா. நான் பக்கத்துல நின்னேன். கறுத்த மண்ணுல கால பொதச்சதுனால வந்துதான்னு. அவரு சொன்னாரு, ஆமான்னும் என்னால சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுன்னு. வெளிய வந்து எனக்க கைய புடிச்சா. உனக்க அப்பாட்ட நான் இதக் கேட்டேன்னு சொல்லிராத, சொன்னா பின்ன மண்ணு கொண்டுவர மாட்டாருன்னா."

"அதுக்குப் பிறகும் பொதச்சாளே! கடைசி மாசம்வர வாளி கொண்டுவரச் சொன்னாளே!"

"கால்வலிக்கு இல்லப்பா." அவள் என்னைப் பார்த்தாள். "மத்த நேரம் நீங்க எங்க இருந்திய? பிளாண்டு, யூனியன், சீட்டுக்களி. அந்த அரை மணிக்கூறுதான் நீங்க அவ பக்கத்துல இருப்பிய. அந்த நேரத்த விட மாட்டேன்னா. நான் சண்ட போட்டேன். என்னால முடிஞ்சத போட்டேன். அவ கேக்கல."

சீட்டு விளையாடப் போகத்தான் சில நாள் அரை மணியை இருபது நிமிடமாக முடித்திருக்கிறேன்.

"பின்ன நீ ஏன் போன?"

"நீங்க எனக்க மொகத்த பாக்கலியேப்பா. நாப்பது நாள். ஒரு பேச்சு இல்ல. நர்சிங் படிக்க வச்சும் அம்மைய இவளுக்குக் காப்பாத்தத் தெரியல்லன்னு நெனச்சியன்னு நெனச்சேன்."

ஒன்பது வருடம். ஆளுக்கு ஒரு பழியைத் தானாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாட்டில். போனில் சாப்பிட்டியளா என்று கேட்டுக்கொண்டு.

"நான் அப்பிடி நெனைக்கவே இல்ல மக்களே. ஒரு நாளும் இல்ல."

"இப்பத் தெரியுது" என்றாள். மூக்கைத் துடைத்தாள். கையில் மண் இருந்ததால் மூக்கும் கறுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்துக் காட்டினேன். ஷூவைச் சோதித்ததையும் செபப் புத்தகத்துக்குள் இருக்கும் பொட்டலத்தையும் சொன்னேன்.

"நான் விசாரிக்காம வயித்துல பிள்ளைய வச்சிட்டு வந்து இருப்பேனா?" என்றாள். "இது அந்த மலை தூங்குறதுக்கு முன்ன கக்கினது. ஆத்துல உருண்டு கடல்ல வந்து விழுந்த இரும்பு மண்ணு. கேட்டுட்டேன், படிச்சிட்டேன். நம்ம மண்ணு வேற, இது வேற. காரு சாவிய அரிசியில போடுறதுக்கு முன்ன என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

காந்தத்தை மண்ணில் வைத்தேன். அப்படியே மூடிக்கொண்டது. தட்டித் தட்டிப் பார்த்தேன், விடுவதாக இல்லை.

அவள் கால்கள் இன்னும் பாதி வெளியே இருந்தன. வயிறு தடுத்து அவளால் எட்ட முடியவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. நான் அவள் கால் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கை அள்ளிப் போட்டேன். மண் நல்ல சூடு. பாதத்தில் போட்டேன், கணுக்காலில் போட்டேன், முழங்கால்வரை போட்டுத் தட்டி விட்டேன். பழகிய கை, எதையும் மறக்கவில்லை. மெழுகுவர்த்தியைக் காலடியில் ஊன்றி ஏற்றினோம். காற்று இல்லாததால் நின்று எரிந்தது.

அலை திரும்ப ஏறத் தொடங்கியது. ஓட்டை மூடுவதற்கு முன் போக வேண்டும் என்றாள் டெல்பின். இன்னும் ரெண்டு கை என்றேன்.

பிப்ரவரி 12, திங்கள்

டெல்பினின் கால்வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. நன்றாகத் தூங்கினதால் என்கிறாள். இருக்கலாம்.

செபப் புத்தகத்திலிருந்த பொட்டலத்தைக் கொல்லையில் உதறினேன். மீன்தலை வைத்துக் குழம்பு. ஆன்றோ இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மலை: காலையில் இல்லை. இருக்கிறது என்று தெரியும்.

அலை வற்றும் நேரம்: மாலை 5.25. இன்றும் போகிறோம், மண்ணில் அரை மணி நேரம் உட்கார முன்னதாகவே கிளம்பவேண்டும்.